காலை எட்டுக்கு மணி இரண்டு!



முதலில் ஒரு புதிர். ஒரு நாட்டில் சூரியன் உதித்து இரண்டு மணி நேரம் ஆகிறது. பிள்ளைகள் புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போகிறார்கள். நம் கைக்கடிகாரத்தை அந்த ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்தால் காலை மணி எட்டு காட்டும். ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம், "மணி என்ன?" என்று கேட்டால், "இரண்டு" என்கிறார்! அவருடைய கடிகாரம் நின்றுவிட்டதா? இல்லை. நம்மைக் கேலி செய்கிறாரா? அதுவும் இல்லை. அவர் நாட்டுக் கணக்குப்படி அவர் சொன்னது மிகவும் சரி.

அது எந்த நாடு? ஏன் அப்படிச் சொல்கிறார்கள்? தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனம் பரபரக்கிறது அல்லவா? அந்தப் பரபரப்பை அப்படியே பிடித்து வைத்துக் கொள்ளுங்கள். இன்று நாம் பேசப் போவது ஆங்கிலம் கற்பதைப் பற்றி. "ஐயோ, ஆங்கிலமா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தப் புதிருக்கும் ஆங்கிலத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு.

ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு மாணவர் இருப்பார். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குவார். அறிவியல் கேள்விக்கு முதல் ஆளாகக் கை தூக்குவார். ஆங்கில வகுப்பு வந்தால் மட்டும் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து கொள்வார். விடை தெரியாததால் அல்ல. வாயைத் திறந்தால் தப்பாகிவிடுமோ, மற்றவர்கள் சிரித்துவிடுவார்களோ என்ற பயம். அந்த மாணவர் நீங்களாகவே இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

எத்தியோப்பியா போன ஆசிரியர்கள்

புதிரில் வந்த நாடு, ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்குப் பகுதியில் இருக்கும் எத்தியோப்பியா. அதன் தலைநகரம் அடிஸ் அபாபா. 1941ஆம் ஆண்டு இத்தாலியப் படைகளின் பிடியிலிருந்து அந்த நாடு விடுபட்டது. பேரரசர் ஹைலி செலாசி மீண்டும் ஆட்சிக்கு வந்தார். நாடு முழுவதும் பள்ளிக்கூடங்களைத் திறக்க வேண்டும் என்று விரும்பினார். கட்டடம் கட்டிவிடலாம். பாடம் நடத்த ஆசிரியர்கள் வேண்டுமே!

அதற்காக இந்தியாவிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தார்கள். கேரளத்திலிருந்தும் நம் தமிழ்நாட்டிலிருந்தும் பலர் போனார்கள். கணக்கு, அறிவியல், ஆங்கிலம் போன்ற பாடங்களை நடத்தினார்கள். 1974ஆம் ஆண்டு அங்கே புரட்சி நடந்து, பேரரசர் பதவி இழந்தார். அதன் பிறகு ஆசிரியர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். வேறு சிலர் நைஜீரியா போன்ற நாடுகளுக்குப் போனார்கள். நைஜீரியாவில் 1976ஆம் ஆண்டு எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசத் தொடக்கக் கல்வித் திட்டம் தொடங்கியது. அங்கேயும் ஆசிரியர்கள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எத்தியோப்பியாவில் உயர்நிலைப் பள்ளிப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. ஆனால் அங்குள்ள பிள்ளைகளின் தாய்மொழி ஆங்கிலம் அல்ல. அம்ஹாரிக், ஒரோமோ, திக்ரின்யா என்று அவர்களுக்குச் சொந்த மொழிகள் இருந்தன. பாடம் நடத்தப் போன ஆசிரியரின் தாய்மொழியும் ஆங்கிலம் அல்ல. அவர் வீட்டில் பேசியது தமிழ். ஆக, இரண்டு பக்கமும் இரவல் மொழிதான்! இரவல் மொழியை வைத்துக்கொண்டே பாடம் நடந்தது, கேள்வி பிறந்தது, நட்பும் வளர்ந்தது. "என் உச்சரிப்பு சரியில்லையே" என்று ஆசிரியரோ மாணவரோ வாயைப் பொத்திக் கொண்டிருந்தால் பள்ளிக்கூடமே நடந்திருக்காது.

"ஆறு மணி நேரம் தாமதம்!"

எனக்கு ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலம் நடத்தியவர் அப்படி எத்தியோப்பியா போய்த் திரும்பிய ஓர் ஆசிரியர். 1970களில் மதுராந்தகம் பக்கத்துக் கிராமப் பிள்ளைகளாகிய எங்களுக்கு வெளிநாடு என்றால் வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளின் ஊர் என்றுதான் தெரியும். அவர் வகுப்புக்கு வந்த முதல் வாரத்தில் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் ஒரு கதை சொன்னார். அது அவர் அனுபவமே.

எத்தியோப்பியாவில் ஒரு சிறிய ஊர்ப் பள்ளியில் அவருக்கு வேலை. ஊர் போய்ச் சேர்ந்த அன்று தலைமை ஆசிரியர் அவரிடம், "கம் அட் டூ ஓ கிளாக் டுமாரோ" என்றாராம். நாளை இரண்டு மணிக்கு வாருங்கள் என்று பொருள். நம் ஆசிரியரும் மறுநாள் நிதானமாகக் குளித்து, சமைத்துச் சாப்பிட்டு, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பகல் சரியாக இரண்டு மணிக்குப் பள்ளி வாசலில் நின்றார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்!

தலைமை ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னது இதுதான்: "யூ ஆர் சிக்ஸ் அவர்ஸ் லேட்!"

இந்த இடத்தில் எங்கள் ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டார். "வொய்?" என்று மட்டும் கேட்டார். ஏன்?

வகுப்பில் ஒரே சலசலப்பு. தலைக்குத் தலை தமிழில் பேசினோம். "ஆஸ்க் மி" என்றார் அவர். என்னைக் கேளுங்கள்! விடை வேண்டுமானால் அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. தப்பாகக் கேட்டாலும் பரவாயில்லை. "சார், சன் வென்?" என்று ஒருவன் கேட்டான். சூரியன் எப்போது என்று கேட்கிறானாம்! யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் விடைதான் முக்கியமாக இருந்தது. "குட்! தி சன் ரைசஸ் அட் டுவெல்வ்" என்றார் ஆசிரியர். சூரியன் பன்னிரண்டு மணிக்கு உதிக்கிறதாம்!

அப்போதுதான் எங்களுக்கு முடிச்சு அவிழ்ந்தது. எத்தியோப்பியர்கள் சூரியன் உதிக்கும் நேரத்திலிருந்து பகலை எண்ணத் தொடங்குகிறார்கள். நமக்குக் காலை ஆறு மணி என்றால் அவர்களுக்குப் பன்னிரண்டு. நமக்கு ஏழு, அவர்களுக்கு ஒன்று. நமக்கு எட்டு, அவர்களுக்கு இரண்டு. நண்பகல் அவர்களுக்கு ஆறு மணி. மாலை ஆறு மணிக்கு மறுபடியும் பன்னிரண்டு. அங்கிருந்து இரவுக் கணக்குத் தொடங்கும்.

எங்கள் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். ஆங்கில வகுப்பில் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. "மிட்நைட்?" என்று ஆசிரியர் கேட்டு முடிப்பதற்குள், "சிக்ஸ் ஓ கிளாக்!" என்று அவள் குரல் கணீரென்று வந்தது. நள்ளிரவுக்கு அவர்கள் கணக்கில் ஆறு மணி. சரியான விடை! அவள் அன்று பேசியது ஆங்கிலம் என்பதே அவளுக்குச் சற்றுப் பிறகுதான் உறைத்தது. அதற்குப் பிறகு அவள் வாய் மூடியதே இல்லை.

இந்த வழக்கம் ஏன் அங்கே சரிப்பட்டு வருகிறது, தெரியுமா? எத்தியோப்பியா பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிக்கும். அதனால் சூரியனை நம்பிக் கடிகாரத்தை எண்ணலாம். "இது என்ன விசித்திரம்!" என்று நினைக்காதீர்கள். நம் முன்னோரும் சூரிய உதயத்திலிருந்துதான் நாழிகை எண்ணினார்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். பஞ்சாங்கத்தில் இன்றும் பார்க்கலாம். ஆக, அவர்களும் நாமும் ஒரே சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள்தான்.

கதைக்குள் ஒளிந்திருந்த இலக்கணம்

அந்த ஒரு கதையில் நாங்கள் என்னென்ன கற்றோம் என்று இப்போது எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. மணி கேட்பது எப்படி? "வாட் டைம் இஸ் இட்?" மணி சொல்வது எப்படி? "இட் இஸ் டூ ஓ கிளாக்." ஒரு நேரத்துக்கு வரச் சொல்வது எப்படி? மணிக்கு முன்னால் "அட்" சேர்க்க வேண்டும். நடந்து முடிந்த செயலைச் சொல்ல "கம்" என்பது "கேம்" ஆகும்; "கோ" என்பது "வென்ட்" ஆகும். இதையெல்லாம் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தால் தேர்வு முடிந்த மறுநாளே மறந்திருப்போம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆங்கிலத்தில் "டூ" என்ற ஒலி மூன்று சொற்களுக்கு உண்டு. ஒன்று, இரண்டு என்னும் எண். இன்னொன்று, "அதுவும்கூட" என்று பொருள் தருவது. மற்றொன்று, "பள்ளிக்கு" என்பதில் வரும் "கு" போல ஓர் இடத்தை நோக்கிப் போவதைச் சொல்வது. எழுத்து மூன்றுக்கும் வேறு. ஒலி ஏறக்குறைய ஒன்றே. "இது என்ன குழப்பம்!" என்கிறீர்களா? நம் தமிழில் "ஆறு" என்றால் எண்ணா, ஓடுகிற ஆறா? இடத்தைப் பார்த்துத்தானே புரிந்துகொள்கிறோம்! ஆங்கிலத்திலும் அப்படியே. சொல்லைத் தனியாகப் பிடித்து இழுத்தால் குழப்பும். கதைக்குள் வைத்துப் பார்த்தால் தானே விளங்கும்.

தோசைக்கு உறவு, உயிர்மெய்க்கும் உறவு!

எங்கள் ஆசிரியர் வாரத்துக்கு ஒரு கதை சொல்வார். ஒவ்வொன்றும் எங்களைக் கேள்வி கேட்க வைத்துவிடும். சிலவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

எத்தியோப்பியர்களின் முக்கிய உணவு "இஞ்சரா." டெஃப் என்னும் மிகச் சிறிய தானியத்தை மாவாக்கி, தண்ணீர் விட்டுக் கரைத்து, சில நாள் புளிக்க வைப்பார்கள். பிறகு அகலமான வட்டக் கல்லில் ஊற்றிச் சுடுவார்கள். மேலே ஆப்பம் போலப் பொத்தல் பொத்தலாக இருக்கும். புளிப்பாக இருக்கும். நம் தோசைக்கு ஆப்பிரிக்காவில் ஓர் உறவு! பெரிய தட்டில் இஞ்சராவை விரித்து, அதன்மேல் குழம்பு வகைகளை வைத்து, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். "வி ஈட் ஃப்ரம் ஒன் பிளேட்." நாங்கள் ஒரே தட்டிலிருந்து சாப்பிடுகிறோம். அன்பு காட்ட ஒருவர் ஒரு கவளத்தை உருட்டி மற்றவர் வாயில் ஊட்டுவார். அதற்கு "குர்ஷா" என்று பெயர். நம் பாட்டி நிலாச்சோறு ஊட்டுவது நினைவுக்கு வருகிறதா?

அவர்களுடைய எழுத்தும் நமக்குப் பழக்கமான வழியில்தான் நடக்கிறது. அம்ஹாரிக் மொழியில் 33 அடிப்படை எழுத்துகள். ஒவ்வொன்றும் சேர்கிற உயிரொலிக்கு ஏற்ப ஏழு வடிவம் எடுக்கும். 33ஐ 7ஆல் பெருக்கினால் 231. நம் 18 மெய்யெழுத்தும் 12 உயிரெழுத்தும் சேர்ந்து 216 உயிர்மெய் ஆவது போல! "க, கா, கி, கீ" என்று நாம் ராகம் போட்டுப் படிப்பது போல அங்குள்ள பிள்ளைகளும் வரிசை வரிசையாகச் சொல்லிப் படிக்கிறார்கள்.

அவர்களின் நாட்காட்டியில் ஓர் ஆண்டுக்கு எத்தனை மாதம், சொல்லுங்கள் பார்ப்போம்? பதின்மூன்று! முப்பது நாள் கொண்ட 12 மாதங்கள். கடைசியில் ஐந்தே நாள் கொண்ட ஒரு குட்டி மாதம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அதற்கு ஆறு நாள். அவர்கள் ஆண்டுக் கணக்கும் நம்முடையதைவிட ஏழு அல்லது எட்டு ஆண்டு பின்னால் வரும். உலகம் 2000ஆம் ஆண்டைக் கொண்டாடி முடித்து ஏழு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, 2007 செப்டம்பர் 12 அன்று எத்தியோப்பியாவில் 2000ஆம் ஆண்டு பிறந்தது! "ஐ வென்ட் டு எத்தியோப்பியா அண்ட் பிகேம் யங்கர்" என்பார் எங்கள் ஆசிரியர். எத்தியோப்பியா போனதும் என் வயது குறைந்துவிட்டது என்று சிரிப்பார்.

இப்போது உங்களுக்கு ஒரு சோதனை. காபி முதலில் எங்கே கிடைத்தது என்பதற்கு எத்தியோப்பியாவில் ஒரு பழங்கதை உண்டு. அதை ஆங்கிலத்தில் சொல்கிறேன். அர்த்தம் சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபிடியுங்கள்.

"எ பாய் ஹேட் சம் கோட்ஸ். தி கோட்ஸ் ஏட் ரெட் பெர்ரீஸ். தி கோட்ஸ் டான்ஸ்ட்! தி பாய் ஏட் தி பெர்ரீஸ். ஹி டான்ஸ்ட், டூ!"

புரிந்ததா? ஆடு மேய்க்கும் சிறுவன், சிவப்புப் பழம், ஆட்டம் போட்ட ஆடுகள்! "பெர்ரீஸ்" என்ற சொல்லை இதற்கு முன் கேட்டிராதவர்களும், ஆடு தின்றது, சிவப்பாக இருந்தது என்பதை வைத்து ஏதோ பழம் என்று ஊகித்திருப்பீர்கள். அப்படி ஊகித்த சொல் மறக்காது. அகராதியைப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் முதலில் ஊகியுங்கள். பிறகு அகராதியில் சரிபாருங்கள். கடைசியில் வந்த "டூ" எந்த "டூ" என்றும் சொல்லிவிடுங்கள் பார்ப்போம்!

சென்னையில் உருண்ட பனிப்பந்து

கதை கேட்டால் மொழி வருமா என்று பெரியவர்கள் சிலர் சந்தேகப்படலாம். அவர்களிடம் சொல்ல உங்களுக்கு மூன்று செய்திகள் தருகிறேன்.

முதல் செய்தி நம் மாநிலத்தைப் பற்றியது. 1960 வாக்கில், அன்றைய சென்னை மாநிலத்தில் ஆங்கிலத்தைத் தொடக்க நிலையில் கற்பிக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க ஒரு பெரிய முயற்சி நடந்தது. அதில் பிரிட்டிஷ் கவுன்சிலும் பங்கெடுத்தது. முதலில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் இன்னும் பலருக்குப் பயிற்சி. அந்தப் பலர் மேலும் பலருக்கு. இப்படிப் பெருகிக்கொண்டே போனதால் அதற்கு "மெட்ராஸ் ஸ்னோபால்" என்று பெயர் வந்தது. ஸ்னோபால் என்றால் பனிப்பந்து. குளிர் நாடுகளில் பனியை உருட்டி விட்டால் வழியிலுள்ள பனியெல்லாம் ஒட்டிக்கொண்டு பெரிதாகும். பனியே விழாத சென்னையில் பனிப்பந்து! அந்தப் பெயரைப் புரிந்துகொள்ளவே ஒரு வெளிநாட்டுக் கதை தேவைப்படுகிறது, பாருங்கள்!

அந்தப் பயிற்சியில் வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாகக் கற்பிக்கும் முறை முக்கிய இடம் பெற்றது. "திஸ் இஸ் எ பென். திஸ் இஸ் எ புக்" என்று பொருளைக் காட்டிக் காட்டிச் சொல்லித் தருவது. மனப்பாடத்தைவிட இது நல்ல முன்னேற்றம். ஆனால் ஒரு குறை தெரிந்தது. வகுப்பில் அழகாக வாக்கியம் சொன்ன பிள்ளைகள், வெளியே ஒருவர் கேள்வி கேட்டால் திகைத்து நின்றார்கள்.

இரண்டாம் செய்தி: இந்தக் குறையைப் பற்றி யோசித்தவர் சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் முதலிய ஊர்களில் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு புதிய முறையை நடத்திப் பார்த்தார். இலக்கணப் பட்டியல் கிடையாது. ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவற்றை வைத்துப் பிள்ளைகளுக்குப் புதிர் போடுவார்கள். பிள்ளைகள் விடை கண்டுபிடிக்க மூளையைக் கசக்குவார்கள். பேச்சு மட்டும் ஆங்கிலத்தில் நடக்கும். மனம் பொருளைத் தேடும்போது மொழியின் அமைப்பு தானாகவே உள்ளே படிகிறது என்பது அவருடைய கருத்து. மொழி ஆசிரியர்கள் பல நாடுகளில் இன்றும் இந்த முயற்சியைப் பற்றிப் பேசுகிறார்கள். எத்தியோப்பியக் கடிகாரத்தில் நாங்கள் போட்ட கணக்கும் அப்படிப்பட்ட புதிர்தானே!

மூன்றாம் செய்தி பிஜித் தீவுகளிலிருந்து. பசிபிக் பெருங்கடலில் இருக்கும் அந்த நாட்டுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்காக 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழர்களும் கப்பலேறிப் போனார்கள். அங்கே கிராமப் பள்ளிகளில் 1980ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு அறிஞர்கள் நடத்தியது. சில பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு ஏராளமான ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் கதையைப் படித்துக் காட்டிப் பிள்ளைகளோடு பேசினார். சில வகுப்புகளில் பிள்ளைகள் தாங்களே படித்தார்கள். மற்றப் பள்ளிகளில் வழக்கமான பாடம். முடிவு என்ன தெரியுமா? ஆங்கிலத்தைப் படித்தும் கேட்டும் புரிந்துகொள்வதில் கதைப் புத்தகப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறினார்கள்! அந்தப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல.

மூன்று செய்தியையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். "அடுத்து என்ன ஆச்சு?" என்ற ஆசை இருக்கும் இடத்தில் மொழி தானே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்காக இலக்கணமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வீடு கட்டுகிறவருக்கு அளவுகோல் வேண்டும். ஆனால் அளவுகோலை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் குடியிருக்க முடியாது!

நீங்கள் என்ன செய்யலாம்?

"எங்கள் பள்ளியில் வெளிநாடு போய் வந்த ஆசிரியர் யாரும் இல்லையே" என்கிறீர்களா? கவலை வேண்டாம். உங்கள் தெருவிலேயே கதை இருக்கிறது. சிங்கப்பூரில் கட்டட வேலை செய்துவிட்டு வந்த மாமா இருப்பார். துபாயில் வண்டி ஓட்டிய சித்தப்பா இருப்பார். கப்பலில் வேலை பார்த்த தாத்தா, மலேசியாவில் பிறந்த பாட்டி, வெளிநாட்டு மருத்துவமனையில் வேலை செய்யும் அக்கா என்று யாராவது நிச்சயம் இருப்பார்கள். அவர்களில் பலர் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவர்களாக இருக்க மாட்டார்கள். ஆனால் போன இடத்தில் தேவைக்காகப் பேசிப் பேசியே கற்றுக்கொண்டவர்கள். அவர்களிடம் இப்படிக் கேளுங்கள்:

முதலாவது, ஆறு கேள்விச் சொற்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "ஹூ" என்றால் யார்; "வாட்" என்றால் என்ன; "வேர்" என்றால் எங்கே; "வென்" என்றால் எப்போது; "வொய்" என்றால் ஏன்; "ஹவ்" என்றால் எப்படி. இந்த ஆறு சாவி இருந்தால் எந்தக் கதையின் கதவையும் திறக்கலாம்.

இரண்டாவது, "முதல் நாள் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். வெளிநாடு போன எவருக்கும் முதல் நாளில் ஒரு வேடிக்கை நடந்திருக்கும். கதையை அவர் தமிழிலேயே சொல்லட்டும். நடுநடுவே, "அங்கே அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டு, அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அன்று இரவே அந்தக் கதையை ஐந்து சிறிய ஆங்கில வாக்கியங்களில் நோட்டில் எழுதுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஐந்தாறு சொல் போதும். எழுத்துப் பிழை வந்தால் வரட்டும். மறுநாள் உங்கள் ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

நான்காவது, நோட்டைப் பார்க்காமல் அந்தக் கதையை நண்பனிடமோ தோழியிடமோ சொல்லுங்கள். அவர் உங்களை மூன்று கேள்வி கேட்க வேண்டும். கேள்விக்கு விடை சொல்லும்போதுதான் மொழி நாக்கில் ஏறும்.

ஐந்தாவது, இதுதான் மிக முக்கியம். யார் தப்பாகப் பேசினாலும் சிரிக்கக் கூடாது. கேலிக்குப் பயந்து மூடிய வாய் திறக்கப் பல ஆண்டுகள் ஆகும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியின் பயத்தைப் போக்க உங்களால் முடியும். ஆசிரியரால் மட்டும் முடிகிற வேலை அல்ல அது.

நூலகத்துக்குப் போனால் எளிய ஆங்கிலக் கதைப் புத்தகங்களும் கிடைக்கும். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்குமேல் தெரியவில்லை என்றால் அதைவிட எளிய புத்தகமாக எடுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. ஏணியில் கீழ்ப்படியில்தானே முதலில் கால் வைக்கிறோம்!

நம் ஊர்க் கதையும் வெளிநாட்டுக் கதைதான்!

கதை கேட்டால் மட்டும் போதுமா? பதிலுக்கு நாமும் ஒன்று சொல்ல வேண்டாமா? எத்தியோப்பியா எப்படி நமக்கு வெளிநாடோ, அப்படியே நம் ஊர் அவர்களுக்கு வெளிநாடு! அவர்களுக்குத் தெரியாத கதை நம்மிடம் நிறைய இருக்கிறது.

மதுராந்தகம் ஏரிக்கரையில் இருக்கும் ராமர் கோயிலை "ஏரி காத்த ராமர்" கோயில் என்கிறோம். 1790களில் செங்கல்பட்டுப் பகுதிக்குக் கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ் என்னும் ஆங்கிலேயர். ஒரு மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, கரை உடையுமோ என்று ஊரே நடுங்கியதாம். இரவில் கரையைப் பார்க்கப் போன கலெக்டர், வில்லேந்திய இரு வீரர்கள் கரையில் காவல் நிற்பதைக் கண்டாராம். கரை உடையவில்லை. வந்தவர்கள் ராமரும் இலக்குவனும் என்பது மக்களின் நம்பிக்கை. கோயிலில் தாயார் சந்நிதித் திருப்பணியில் அவருக்கு இருந்த தொடர்பைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் நம் ஊர்க் கதைக்குள்ளேயே புகுந்துவிட்டார், பார்த்தீர்களா?

இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்போமா? "இட் ரெயின்ட் ஆல் நைட். தி லேக் வாஸ் ஃபுல். தி பீப்பிள் வேர் அஃப்ரைட். தி கலெக்டர் வென்ட் டு தி லேக். ஹி சா டூ மென் வித் போஸ்." அடுத்து என்ன ஆனது? மிச்சத்தை நீங்கள்தான் எழுத வேண்டும்!

எங்கே சொல்வது என்கிறீர்களா? நம் மாவட்டத்தில் மாமல்லபுரம் இருக்கிறது. அங்குள்ள சிற்பங்களை யுனெஸ்கோ 1984ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் அங்கே வருகிறார்கள். 2022ஆம் ஆண்டு பக்கத்துப் பூஞ்சேரியில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் போட்டி நடந்தபோது 180க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் இரவல் மொழிதான்! அடுத்த முறை அம்மா அப்பாவோடோ ஆசிரியரோடோ அங்கே போகும்போது, பெரியவர்கள் துணையோடு ஒரு பயணியிடம் வணக்கம் சொல்லிப் பாருங்கள். "வேர் ஆர் யூ ஃப்ரம்?" என்று கேளுங்கள். பிறகு, "மே ஐ டெல் யூ எ ஸ்டோரி?" என்று கேளுங்கள். ஒரு கதை சொல்லட்டுமா என்று பொருள். கதை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் உலகத்தில் மிகவும் குறைவு.

ஆங்கிலம் தெரிந்தவர் அறிவாளி, தெரியாதவர் மட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஒரு மொழி, அவ்வளவுதான். தமிழில் தெளிவாக யோசிக்கத் தெரிந்தவருக்கு இன்னொரு மொழி எட்டாக்கனி அல்ல. ஏரிக்கரையில் நின்றுகொண்டு அக்கரையில் இருப்பவரைக் கூப்பிட ஒரு படகு வேண்டும். ஆங்கிலம் அந்தப் படகு. படகில் ஏற்றி அனுப்ப உங்களிடம் ஒரு கதை இருக்கட்டும்.

சரி, கடைசியாக ஒரு கேள்வியோடு முடிக்கிறேன். உங்கள் பள்ளியில் மாலை நான்கு மணிக்கு மணி அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தியோப்பியப் பள்ளி ஒன்றிலும் அவர்கள் ஊர் மாலை நான்கு மணிக்குத்தான் மணி அடிக்கிறது. அங்குள்ள ஒரு சிறுமி தன் நாட்டுக் கணக்குப்படி மணி என்ன என்று சொல்வாள்?

விடையை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் பார்ப்போம்! உரக்க, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி!